பெட்ரோலின் பொறுமையும் சிறுமலை ஏற்றமும்

நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் என் இடத்தில் இப்போது பிரபு இருக்கிறான். போன வாரம் போன் செய்தான்.

"அண்ணே, பெட்ரோல் பிக்கப் வண்டி வாங்குறவங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. சாதா போடவா, பிரீமியம் போடவா, அந்த நூறு ஆக்டேன் போடவான்னு. எத்தனால் வேற கலந்து வருதா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க. நம்ம குரூப்ல போடணும். ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் இரண்டு வரியிலேயே முடித்திருப்பேன். டேங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதைப் படி, அதில் போட்டிருக்கும் ஆக்டேனை ஊற்று, அதற்கு மேல் ஊற்றினால் காசுக்குத்தான் கேடு. இன்றைக்கும் அது சரியான பதில்தான். ஆனால் சிறுமலை ஏற்றத்தில் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன அந்தக் காலைக்குப் பிறகு அதை மட்டும் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் பிரபு, இது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். டீ குடித்துக்கொண்டே படி.

பாலிடெக்னிக் முடித்து, நத்தம் ரோட்டில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தபோது எனக்கு மீசைகூட ஒழுங்காக வரவில்லை. முதல் சில வருடங்கள் கிரீஸ், ஃபில்டர், மறுபடி கிரீஸ். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பியபோது ஒரு எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் பார்த்த இயந்திரம் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு சிலிண்டர் கொண்ட இன்ஜின் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தலையை ஏற்றலாம், இறக்கலாம். இறக்க இறக்க உள்ளே போகும் பெட்ரோல் ஆவியும் காற்றும் மேலும் மேலும் நெருக்கப்படும். இயக்குபவர் கைப்பிடியை மெல்லச் சுற்றினார். சீராக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்குள் திடீரென்று யாரோ தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். அவர் ஒரு சுற்று பின்னால் திருப்பினார். சத்தம் நின்றது. முன்னால் திருப்பினார். வந்தது.

அதுதான் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் நெருப்பு ஒரு ஓரத்திலிருந்து ஒழுங்காகப் பரவி வர வேண்டும். அது வந்து சேரும்வரை மறு ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவி காத்திருக்க வேண்டும். நெருக்கமும் சூடும் தாங்காமல் அது தானாகவே வெடித்துவிட்டால் அந்தச் சத்தம். எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு எண் போட்டிருக்கிறார்கள். நன்றாகத் தாங்கும் திரவம் ஒன்றுக்கு நூறு, துளியும் தாங்காத ஒன்றுக்குப் பூஜ்யம். இரண்டையும் கலந்து, அந்தக் கலவையோடு நம் பெட்ரோலை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆக்டேன் என்பது பலம் இல்லை. பெட்ரோலின் பொறுமை. கண் இமைக்கும் நேரத்தில் எத்தனையோ முறை உள்ளே பற்றி அணையும் நெருப்பு, ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று வருகிறது என்று தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை நாள் இதன்மேல் சாய்ந்தபடி டீ குடித்திருக்கிறோமே என்று இருந்தது.

திரும்பி வந்தபோது புது ஒர்க்ஸ் மேனேஜர் வந்திருந்தார். ரஹீம் சார். பேகம்பூர்க்காரர், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவர். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. அதில் ஒரு எண்ணெய்ப் பொட்டும் பார்த்ததில்லை.

சத்தம் வருகிறது என்று எந்த வண்டி வந்தாலும் அவர் பானெட்டைத் திறக்க விடமாட்டார். ஓனர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவார். சார் கையை லேசாக உயர்த்துவார்.

"வண்டிய விடுங்க. ரோட்டச் சொல்லுங்க."

எந்த ரோடு, ஏற்றமா, என்ன லோடு, எந்த கியர், கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகுதான் சாவியை வாங்குவார். அப்போதும் ஓனரையே ஓட்டச் சொல்லுவார். என்னை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவர் பின்னால் அல்லது நடுவில் ஒடுங்கி உட்காருவார். சுவரோ பாறையோ இருக்கும் பக்கமாகக் கண்ணாடியை இறக்கச் சொல்லுவார். இன்ஜின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும்போது நாக்கிங் தனியாகப் பிரிந்து கேட்கும். வெட்டவெளியில் கேட்காதது பாறை ஓரத்தில் கேட்டுவிடும். அந்த இடம் வந்ததும் ரோட்டைப் பார்க்கமாட்டார். என் முகத்தையே பார்ப்பார்.

"கேக்குதா, முருகேசா?"

"கேக்குது சார்."

"லேசாவா? கனமாவா?"

நான் சொல்லுவேன். தலையை ஆட்டிக்கொள்வார். எனக்குப் பழக்கிவிடுகிறார் என்று நினைத்திருந்தேன். நான் ஃபோர்மேன் ஆனபிறகும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. அது அவருடைய வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பூ வியாபாரி. பெட்ரோல் வேன் வைத்திருந்தார். ஏற்றத்தில் சத்தம் வருகிறது என்று நாலு இடம் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். சார் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். டேங்க் மூடியைத் திறந்து குனிந்தார். நிமிர்ந்தார்.

"ஏன் அண்ணே, பூ வாசம் வர வேண்டிய வண்டில பீரோ வாசம் வருது?"

வியாபாரி நெளிந்தார். "அந்துருண்டை போட்டா பிக்கப் வரும்னு சொன்னாய்ங்க சார்."

"எத்தன போட்டீங்க?"

"பாக்கெட்ட அப்படியே..."

"வீட்டுல பட்டுச்சேலைக்கு மிச்சம் வச்சீங்களா இல்லையா?"

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. வியாபாரியும் சிரித்தார். சார் மட்டும் சிரிக்கவில்லை. தன் அறைக்கு அவரை அழைத்துப்போய் மேஜை டிராயரிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்துக் கையில் கொடுத்தார். அதன் தலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகு போல வழிந்து உறைந்திருந்தது. தொடர்ந்து நாக்கிங் ஆன ஒரு இன்ஜினிலிருந்து கழற்றியது. வியாபாரி அதன் வழியாக ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திடமான உலோகம். கோலிக்குண்டு குலுங்குவது போன்ற ஒரு சின்னச் சத்தம் அதை உருக்கியிருந்தது.

"சத்தத்த அடக்க எதையும் ஊத்தாதீங்க. சத்தம் ஏன் வருதுன்னு கேளுங்க" என்றார் சார்.

அந்த வேனில் குளிர்விக்கும் ஃபேன் சரியாகச் சுற்றாமல் இன்ஜின் சூடேறிக்கொண்டிருந்தது. அதை மாற்றினோம். டேங்கைக் கழுவினோம். சாதா பெட்ரோலிலேயே நன்றாக ஓடியது.

இப்படியே வருடங்கள் போயின. சார் ஓய்வு பெற்றார். முழங்கால் தேய்ந்து குனிந்து நிமிர முடியாமல் போனதும் நானும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் என் மகள் யாழினி பிக்கப் வாங்கினாள்.

காந்திகிராமத்தில் படித்தவள். பேங்க் பரீட்சை எழுதுவாள் என்று நானும் அவள் அம்மாவும் நம்பியிருந்தோம். அவள் சின்ன பெட்ரோல் பிக்கப் ஒன்றை எடுத்து, காலையில் சிறுமலைக்கு உரமூட்டை ஏற்றிப்போய், வாழைத்தாரும் சவ்சவ்வும் இறக்கிக்கொண்டு வரத் தொடங்கினாள். அவள் மலையில் இருக்கும் நேரம் முழுக்க நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பேன். வண்டியைப் பற்றித் தெரியாத அப்பாவுக்கு ஒரு பயம்தான் இருக்கும். தெரிந்த அப்பாவுக்கு ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பயம்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "அப்பா, ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குது. டின்ல சில்லறை குலுங்குற மாதிரி ஒரு சத்தம் வேற."

எனக்கு அந்த ஓட்டை விழுந்த பிஸ்டன் கண்ணுக்கு முன்னால் வந்தது. லோடோடு, கொண்டை ஊசி வளைவில், இன்ஜின் கைவிட்டால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும்.

"என்ன பண்ணின?"

"மெக்கானிக் பிரீமியம் போடச் சொன்னாரு. பாதி டேங்குக்கு மேல போட்டேன். ரெண்டு நாள் கொறஞ்சுச்சு. திரும்ப வந்துருச்சு."

"நாளைக்கு நானும் வாரேன். கேட்டுட்டு, சரின்னு நான் சொன்னாத்தான் அப்புறம் நீ ஏறணும்."

"சரிங்க ஃபோர்மேன் சார்" என்றாள்.

மறுநாள் உரமூட்டைகளோடு கிளம்பினோம். வண்டியின் கணினியைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் எதுவும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அடிவாரம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பாறைப் பக்கக் கண்ணாடியை இறக்கினேன். காதைக் கொடுத்தேன். இன்ஜின் உறுமல், டயர் சத்தம், காற்று. வேறொன்றும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இந்தா வருது" என்றாள் யாழினி. "கேக்குதாப்பா?"

"எங்க?"

"இப்பத்தான்பா. இப்ப, இப்ப! நல்லாக் கேக்குதே!"

பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சார் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய இடம். நான் தலையை வெளியே நீட்டினேன். ஒன்றுமில்லை. அவள் கியரைக் குறைத்தாள்.

"நின்னுருச்சு" என்றாள்.

அடுத்த வளைவில் அகலமான இடம் இருந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இன்ஜினை அணைத்தாள். இறங்கி நின்றேன். மரங்கள் அசையாமல் இருந்தன. மலை அப்படி ஒரு அமைதியாக இருந்தது எனக்கு.

அந்த அமைதியில்தான் சந்தேகம் வந்தது. நாங்கள் சோதனை ஓட்டத்துக்கு வரும் காலத்தில் இந்த இடத்தில் நின்று பேச முடியாது.

"தாயி, சில்வண்டு கத்துதா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "காது கிழியுதேப்பா. ஏன்?"

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். மகள் பேசுவது கேட்கிறது. ஹாரன் கேட்கிறது. மலையையே நிறைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லப் போனேன். அவள் ஒரு நொடி தாமதமாகப் பேசியிருந்தால் சொல்லியிருப்பேன். ஃபோர்மேன் சொன்னால் அவள் நம்புவாள். அதே பெட்ரோலோடு, அதே ஏற்றத்தில், நாளைக்கும் அதற்கு மறுநாளும் ஏறியிருப்பாள்.

"உக்காருங்கப்பா செத்த நேரம்" என்று தண்ணீர் கொடுத்தாள்.

காது போனால் என்ன, சாருடைய கேள்விகள் இருக்கின்றன என்று பிறகுதான் தோன்றியது. வண்டியை விடு, ரோட்டைச் சொல். ரோடு தெரியும். லோடு தெரியும். கியரைக் குறைத்தால் சத்தம் நிற்கிறது, அப்படியானால் நாக்கிங்தான். ஒன்று மிச்சம்.

"கடைசியா எங்க பெட்ரோல் போட்ட?"

"டவுன்ல பிரீமியம். அதுக்கு மேல பொன்னையா அண்ணன் தோட்டத்துல. லோடு எடுக்குறப்ப எல்லாம் அண்ணனே ஊத்தி விட்டுருவாரு. வாடகைல கழிச்சுக்குவோம்."

கீழ் கியரிலேயே மெல்ல ஏறி மேலே போனோம். பொன்னையா வாழைத் தோட்டக்காரர். மலையில் பெட்ரோல் பங்க் கிடையாது என்பதால் புல் வெட்டும் மெஷினுக்கும் ஜெனரேட்டருக்கும் பேரலில் பெட்ரோல் வாங்கி வைத்திருப்பார். கொட்டகைக்குள் இருந்த பேரலின் வாயில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார். வெளியே இருந்த பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து போய்க்கொண்டிருந்தது.

"உங்க மகளுக்கு நான் அழுக்கு பெட்ரோலா ஊத்துவேன்?" என்று கோபித்துக்கொண்டார். "பாருங்கண்ணே. சீமெண்ணெய் காலத்துலேர்ந்து எங்க வழக்கம் இது. பேரல அசைக்கவே மாட்டோம். அடில தண்ணி நிக்கும். மேலாக்கத்தான் குழாய் விட்டு இறுப்போம். கண்ணாடி மாதிரி இருக்கும் பாருங்க." ஒரு பாட்டிலில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உண்மையிலேயே கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

நான் பாட்டிலைப் பார்த்தேன், பேரலின் அடியைப் பார்த்தேன். "புது பெட்ரோல் எதுவும் இருக்கா?"

முந்தின நாள் ஜீப்பில் கேனில் வந்தது, இன்னும் பேரலில் ஊற்றாமல் இருந்தது. ஒரே அளவில் இரண்டு கண்ணாடி பாட்டில் கேட்டேன். ஒன்றில் கேன் பெட்ரோல், இன்னொன்றில் பேரல் பெட்ரோல். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். மூடிக் குலுக்கி, வெளியே கல்மேல் வைத்தேன். மூவரும் குத்துக்காலிட்டுப் பார்த்தோம். என் முழங்கால் வலியே தெரியவில்லை.

கேன் பெட்ரோல் பாட்டிலில் அடியில் இறங்கிய தண்ணீர், ஊற்றியதைவிடக் கூடுதலாக நின்றது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்குக் கூடியிருந்தது.

"என்னண்ணே இது, தண்ணி குட்டி போடுது!" என்றார் பொன்னையா.

"அது எத்தனால். இப்ப பெட்ரோல்ல கலந்து வருதுல்ல, அதுக்குத் தண்ணின்னா உசிரு. தண்ணியப் பாத்ததும் பெட்ரோல விட்டுட்டுப் போயி ஒட்டிக்கிரும்."

பேரல் பெட்ரோல் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிய அளவிலேயே நின்றது. அதில் பிரிந்து வர எத்தனால் மிச்சமில்லை. பனிக்காற்றின் ஈரத்தை வாரக்கணக்கில் குடித்து, பேரலுக்குள்ளேயே அது எப்போதோ பிரிந்து அடியில் இறங்கிவிட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். பெட்ரோல் பங்கில் விற்பதன் பொறுமையில் கணிசமான பகுதி அதனுடையது. பொன்னையா எவ்வளவு கவனமாக மேலாக இறுத்தாரோ அவ்வளவு கவனமாகப் பொறுமை இல்லாத பெட்ரோலை மட்டும் என் மகளுக்கு ஊற்றியிருக்கிறார். பழைய பெட்ரோலுக்கு அவர் வழக்கம் முழுக்கச் சரி. பெட்ரோல் மாறிவிட்டது. நிறம் மாறாமல், வாசம் மாறாமல் மாறியதால் மலையில் யாருக்கும் தெரியவில்லை.

பொன்னையா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு நாளா அடில கெடக்குறது தண்ணின்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு யாழினியைப் பார்த்து, "ஆத்தா, உனக்குப் போயி ஊத்தி விட்டேனே" என்றார்.

"விடுங்கண்ணே. வாழைப்பழம் குடுங்க, பசிக்குது" என்றாள் அவள்.

உரத்தை அங்கேயே இறக்கி, வெறும் வண்டியாகத் திரும்பி, ஒர்க்‌ஷாப்பில் டேங்கைக் காலி செய்து கழுவினோம். பிரபு, நீதான் செய்துகொடுத்தாய். ஏன் என்று அன்றைக்கு நான் உனக்குச் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனேன். கோடு போட்ட தாளைக் காட்டினார். பேச்சு கேட்கும் இடமெல்லாம் சமவெளி. மேல் சுருதியில் ஒரு பள்ளம். ஒர்க்‌ஷாப் சத்தத்தில் ஊறியவர்களுக்கு அந்த இடம்தான் முதலில் போகுமாம். நாக்கிங் சத்தம் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக இத்தனை வருடம் காதைக் கொடுத்தேனோ, அதை மட்டும் எண்ணி எடுத்தது போலப் போயிருக்கிறது.

பேகம்பூருக்குப் போய் ரஹீம் சாரிடம் சொன்னேன். வெள்ளைச் சட்டையில்தான் இருந்தார். சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, மெல்லச் சிரித்தார்.

"எனக்கு அது எப்பவோ போயிருச்சு, முருகேசா. இல்லன்னா உன்ன எதுக்கு முன்னாடி உக்கார வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தேன்?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பயணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. கேட்காத ஒரு மனிதர் எத்தனை இன்ஜின்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

"இப்ப உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பங்கில் சாதா பெட்ரோல் போட்டோம். மூடியில் எழுதியிருந்தது அதுதான். பிரபு, உன்னிடம் வாங்கிய ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டேன். இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் ஒரு சின்ன சென்சார், நாக்கிங்கைத் தானே கேட்டு, ஓரளவுக்குப் பொறி விழும் நேரத்தைத் தள்ளி வைக்கும். எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். அதுவும் ஒரு காதுதான் என்று அன்றைக்குத்தான் மரியாதையோடு பார்த்தேன். முழு லோடு. அதே ஏற்றம். பாறை ஓரம் வந்தது. பொறி தள்ளிப்போவதைக் காட்டும் எண் திரையில் அசையவில்லை. ஆனாலும் நான் திரையைப் பார்க்காமல் யாழினியின் முகத்தைப் பார்த்தேன்.

"கேக்குதா, தாயி?"

அவள் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை ரோட்டில் வைத்தபடியே கேட்டாள். அவசரப்படவில்லை. வளைவைத் தாண்டினோம். அடுத்த வளைவையும் தாண்டினோம்.

"இல்லப்பா" என்றாள். "சில்வண்டு மட்டுந்தான்."

எனக்கு அதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.